தூக்கிக் குடித்த தேநீர்

1

இந்த வாரத்தோடு நான் மதராசுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கப்பலை விட்டு இறங்கிய அன்று கால் தரையில் நின்றாலும் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது தலையும் நின்றுவிட்டது. அந்தத் தெம்பில், ஈப்போ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னை வழியனுப்பி வைத்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

"பட்டணம் எப்படி இருக்கு, எழுது" என்று எல்லோரும் சொன்னீர்கள். இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எதை எழுதுவது என்று தெரியவில்லை. கடற்கரை, கோபுரம், டிராம் வண்டி எல்லாவற்றையும் நீங்கள் காலண்டர் படத்திலேயே பார்த்திருப்பீர்கள். கடைசியில் ஒரு கோப்பைத் தேநீரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். இந்த ஒரு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அயல் தேசத்துக்கு வந்திருப்பதாக இங்கே ஒருவரும் நம்பவில்லை. "ஊரோட வந்து சேர்ந்துட்டே, நல்லதாப் போச்சு" என்று எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். ரேஷன் கார்டு வாங்கப் போன இடத்திலும் இதே தகராறு.

"சொந்த ஊர்?" என்றார் குமாஸ்தா.

"மலாயாங்க. ஈப்போ பக்கம்."

"அது நீ பிறந்த ஊர் தம்பி. சொந்த ஊரைக் கேக்கறேன். உங்க அப்பாவுக்கு எந்த ஊர்?"

"அவர் சின்னப் பிள்ளையிலேயே கப்பல் ஏறிட்டார். கேட்டா, பெரிய புளியமரம் ஒண்ணு இருந்ததும்பார்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "புளியமரம்னு எழுத முடியாதுப்பா." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, மயிலாப்பூர் என்று எழுதிக்கொண்டார். "சர்க்கரை வேணும்னா ஒத்துக்கோ. இனிமே இதுதான் உன் ஊர்."

சர்க்கரைக்காக ஒத்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். நான் குடியிருந்த மாடிக்குக் கீழே சைக்கிள் கடை. முதல் நாள் காலை கடைக்காரரைப் பார்த்து, நம் வழக்கப்படி மரியாதையாக, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் பம்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, காலங்காத்தால! என்னப் பாத்தா பட்டினி கெடக்கறவன் மாதிரியா கீது?"

2

லஸ் பக்கத்திலிருந்த அந்த மாடியிலிருந்து காலையில் நடந்து, கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு வக்கீல் வீட்டுக்குப் போவேன். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது என் உத்தியோகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் மகன் மயிலாப்பூர் வக்கீலுக்கு இங்கிலீஷில் டைப் அடிக்கிறான் என்று என் தகப்பனார் தோட்டத்து லயம் முழுவதும் சொல்லி முடித்திருப்பார். உங்களுக்குக் காது புளித்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விதி இருக்கும், அதைப் படித்துத் தேறிவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கு முன்னால் வீட்டில் யாராவது படித்திருந்தால், "இது பரீட்சைக்கு வராது, விடுடா" என்று சொல்லியிருப்பார்கள். சொல்ல ஆளில்லாமல் எல்லாவற்றையும் படித்து வைத்தேன்.

வக்கீல் வீட்டில் முதல் நாள் எனக்கும் காபி வந்தது. முன் அறை ஜன்னல் திண்டில், டபராவில் டம்ளர். நம் ஊர்ச் சீனன் கடையில் குடிக்கிற மாதிரி, விளிம்பில் உதடு வைத்து ரசித்து உறிஞ்சினேன். அப்படி ஒரு காபி அதற்கு முன் நான் குடித்ததில்லை. உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"ஏன்னா, அந்தப் பையன் டம்ளரைக் கடிச்சுண்டு குடிக்கறானே!"

"புதுசோன்னோ, விடு. போகப் போகக் கத்துப்பன்" என்றார் வக்கீல், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் என் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து, மண் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கிற சத்தம் டைப் அடிக்கிற சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அன்றே விதியை எழுதிக்கொண்டேன்: தமிழ்நாட்டில் டம்ளரில் வாய் படக்கூடாது. தலையை நிமிர்த்தி, டம்ளரை உயர்த்தி, நேரே தொண்டைக்குள் ஊற்ற வேண்டும்.

சாயங்காலமே தியாகராய நகரில் ஒரு அலுமினிய டம்ளர் வாங்கி வந்து மாடியில் தண்ணீரை வைத்துப் பயிற்சி ஆரம்பித்தேன். முதல் வாய் மூக்குக்குள் போனது. அடுத்தது சட்டைக்குள். மூன்றாவது எங்கே போனது என்று கீழேயிருந்து தகவல் வந்தது.

"நைனா! மேல இன்னா, மழையா?"

தண்ணீரில் தேறியவன் சூடான காபியில் தேறிவிடுவான் என்று நினைக்காதீர்கள். அது வேறு பரீட்சை. பல சட்டைகளைப் பலி கொடுத்த பிறகு ஒரு நாள் காலையில் காபி கயிறு மாதிரி இறங்கியது. உதட்டில் படவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. கதவோரம் மாமி நின்றிருந்தார்.

"தேவலையே! மலாயாக்காரன் நன்னாத் தூக்கிக் குடிக்கறானே! இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை. டம்ளர் மட்டும் எப்போதும் போல ஜன்னல் திண்டிலேயே இருந்தது, உள்ளே போகவில்லை. நான் தேறினாலும் தேறாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3

சைக்கிள் கடைக்கு அடுத்தது தையற்கடை. அதை நடத்துகிற கரீமுக்கு என் வயதுதான் இருக்கும். தகப்பனார் காலமானதும் அவருடைய மிஷின் முன்னால் உட்கார்ந்தவன். வீட்டில் உருது, கடையில் பட்டணத்துத் தமிழ், கோட்டுக்கு அளவு கொடுக்க வரும் வக்கீல்களிடம் பாதி இங்கிலீஷ். என் பெயர் அவனுக்கு மறந்தே போயிருக்கும். எனக்கு அவன் வைத்த பெயர் மலாயா.

"இன்னா மலாயா, தினம் ஒன் சட்டையும் காபி சாப்புடுதா?" என்றான் ஒரு நாள் கறையைப் பார்த்து.

டம்ளர் பயிற்சியைச் சொல்ல வெட்கம். "டிராம்ல குலுக்கிடுச்சு" என்றேன்.

"டிராம்ல காபி எவன் குடுக்கறான்? சொல்லு, நானும் ஏர்றேன்."

அன்றிலிருந்து சிநேகம். சாயங்காலம் கடையை மூடிவிட்டு இருவரும் தெருமுனை டீக்கடைக்குப் போவோம். அங்கே எல்லோரையும் போல நானும் கிளாஸில் வாய் வைத்துத்தான் குடிப்பேன். இதற்கும் என்னிடம் விதி தயாராக இருந்தது: கடை என்றால் உறிஞ்சலாம், வீடு என்றால் தூக்கித்தான் குடிக்க வேண்டும். தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் சைக்கிள் கடைக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாடி புது ஜோடிக்கு வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டும். யுத்தம் முடிந்தாலும் மதராசில் வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. தனிக்கட்டைக்கு அறை கிடைப்பதற்குள் கல்யாணமே ஆகிவிடும். தியாகராய நகரில் ஒரு வீட்டில் என் ஜாதி கேட்டார்கள். அடுத்த வீட்டில் சம்சாரம் எங்கே என்று கேட்டார்கள். அடையாற்றில் ஆற்றோரமாக ஒரு அறை இருந்தது. பாம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். விலாசம் போனால் ரேஷன் கார்டு போகும். படுக்க இடமில்லாதவனை வக்கீல் எத்தனை நாள் வைத்திருப்பார்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கப்பலேறி, என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் தகப்பனார் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

கரீம்தான் வழி சொன்னான். தாயாரை அவன் உருதுவில் அம்மி என்பான். "எங்க வூட்டு மாடி ரூம் காலியாத்தான் கீது. வெளியாலயே படி. அம்மிகிட்ட பேசிட்டேன். ஒன்னப் பாக்கணுங்கறாங்க."

"என்னை எதுக்குப் பார்க்கணும்?"

"பொண்ணு பாக்கறாப்ல தான். ஆனா அவுங்க படுதாவுக்குப் பின்னால இருப்பாங்க, நீ முன்னால ஒக்காரணும். பூ வெச்சுக்கினு வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அது சிரிக்கிற காலமில்லை. வடக்கே நடந்த கலவரங்கள் தினமும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் அவன் கடையைத் தாண்டிப் போகும்போது எதிர்ப் பக்கம் பார்த்தபடி போக ஆரம்பித்திருந்தார்கள். கரீம் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு வேற்று மதத்துப் பையனுக்குத் தன் வீட்டு மாடியைக் கொடுக்கலாம் என்று தாயாரிடம் பேசியிருக்கிறான். அதன் கனம் எனக்கு அப்போது முழுதாகத் தெரியவில்லை.

4

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் அந்த வீடு. முன் அறையில் ஜமக்காளம், சுவரில் தகப்பனாருடைய பெரிய கத்தரிக்கோல், உள் வாசலில் பச்சைப் படுதா. படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க. ஊர்ல அம்மா சொகமா?"

"சொகந்தாம்மா."

"சாப்பாடு எங்க?"

"ஹோட்டல்லதாம்மா."

"அதான் பாத்தேன். ஆணியில மாட்டுன கோட்டு மாதிரி இருக்கீங்க."

கரீம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு படுதாவுக்கு அடியிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்தது. கரீமுக்குச் சாதாரணக் கண்ணாடி கிளாஸ். எனக்கு நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை. விளிம்பில் தங்கக் கோடு, கீழே அதற்கு ஜோடியாகச் சாஸர். அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்துத் துடைத்திருக்க வேண்டும். இஞ்சி மணத்தது.

இதுதான் சமயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாய் அகன்ற கோப்பையிலிருந்து தூக்கிக் குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள். டம்ளர் மாதிரி அது ஒரே பக்கமாக ஊற்றாது. நான் கழுத்தை வளைத்து, கையை உயர்த்தி, அவ்வளவையும் உள்ளே இறக்கினேன். கோப்பை உதட்டின் பக்கமே வரவில்லை. ஜமக்காளத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கோப்பையைச் சாஸரில் வைத்துவிட்டு, மாமி சொன்னதைப் போல ஒரு நல்ல வார்த்தை வரும் என்று படுதாவைப் பார்த்தேன்.

படுதா அசையவில்லை. கரீம் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி தம்பி" என்றது குரல். "கரீம் வந்து சொல்லுவான்."

5

மறுநாள் கடைக்குப் போனேன். "வாங்க சார்" என்றான் கரீம்.

வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தேன். மிஷினை நிறுத்தாமலே, "மாடி ஒழுவுது சார். ரிப்பேர் பாக்கணும். நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றான்.

"மழையே பெய்யலையே, கரீம்."

"பெஞ்சா ஒழுவும் சார்."

டீக்கு வரச் சொன்னேன். வேலை இருப்பதாகச் சொன்னான். அடுத்த நாளும் வேலை. அதற்கடுத்த நாள் எனக்கே கூப்பிடத் துணிவு வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று நடக்கும்போதும் யோசித்தேன், டைப் அடிக்கும்போதும் யோசித்தேன். ஹோட்டலில் சாப்பிடுகிறேன் என்று சொன்னது தப்போ? பால் வெட்டுகிறவர் மகன் என்று கரீம் சொல்லிவிட்டானோ? எல்லாக் காரணமும் என் தகுதியைப் பற்றியதாகவே எனக்குத் தோன்றியது. அவர்கள் மனதில் ஏதாவது பட்டிருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டே இருப்பவனுக்கு மற்றவர்களைப் பற்றி நினைக்க நேரம் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

வக்கீல் பொறுமையாகக் கேட்டார், "என்னடா, 'வாதி' இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் 'பிரதிவாதி'ன்னு அடிச்சிருக்கே?"

மாதக் கடைசி நெருங்கியது. சைக்கிள் கடைக்காரர் மாடிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பே வாங்கி வைத்துவிட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நேரே அந்தச் சந்துக்குப் போனேன். அறை கிடைக்காவிட்டாலும் காரணமாவது கிடைக்கட்டும்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றது படுதா. அதே மரியாதை, ஆனால் ஆணியில் மாட்டிய கோட்டு மாதிரியான பேச்சு எதுவும் இல்லை. கரீம் என்னைப் பார்க்காமலே வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு கோலி சோடா, சீப்பிலிருந்து பிய்த்த வாழைப்பழம். இரண்டையும் என் முன்னால் வைத்து, கோலியைக் கட்டை விரலால் அழுத்தினான். சோடா சீறியது.

"எதுக்கு கரீம் சோடா?"

"கடையில வாங்கினது சார். பழம் தோலோட கீது. எங்க கை எதுலயும் படல. தைரியமா சாப்புடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கரீம், நான் அதுக்காக..." என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"டீக்கடை கிளாஸ்ல எவன் எவன் வாயோ பட்டுக் கீது. அதுல வாய வெச்சு ஊஞ்சறே. எங்க அம்மி அலமாரியத் தொறந்து, தொடச்சு, ஆசையாக் குடுத்த கப்பு மட்டும் ஒனக்கு ஆவாதா? ஊரே எங்களை ஒரு மாதிரி பாக்குது, பாத்துட்டுப் போவட்டும். நீயுமாடா மலாயா?"

அவனைப் பார்த்துச் சொல்ல முடியாததால் படுதாவைப் பார்த்துச் சொன்னேன். ஜன்னல் திண்டைச் சொன்னேன். மண் போட்டுத் தேய்த்த டம்ளரைச் சொன்னேன். அலுமினிய டம்ளர், மூக்கில் ஏறிய தண்ணீர், கீழே பெய்த மழை, காபி குடித்த சட்டைகள், மாமி சொன்ன நல்ல வார்த்தை, கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று நானாக வகுத்துக்கொண்ட விதி எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க தோட்டத்தில எல்லாரும் ஒரே தகர மங்கில குடிக்கிறவங்கம்மா. வீட்டுக்கு வந்தா இப்படிக் குடிக்கிறதுதான் மரியாதைன்னு நினைச்சேன். உங்க கோப்பைக்கு மரியாதை பண்றதா நினைச்சுத்தாம்மா..." என்று இழுத்தேன்.

கரீம் கோபத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். "அப்ப டிராம் குலுக்குச்சுன்னே?"

"டிராம் இல்லேடா. மாடிதான்."

படுதாவுக்குப் பின்னால் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு குரல் வந்தது.

"இவங்கப்பாவும் அப்படித்தான். மயிலாப்பூர்ல கோட்டுக்கு அளவெடுக்கப் போனா, காபியத் தூக்கித்தான் குடிப்பாரு. நல்லாவும் குடிப்பாரு. ஆனா வூட்டுக்குள்ள வந்ததும் சாஸர்ல ஊத்தி, தெரு வரைக்கும் கேக்கற மாதிரி ஊஞ்சுவாரு. நான்தான் சத்தம் போடாதீங்கன்னு சண்டை புடிப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டே, "அம்மா, எனக்கு ஒரு டீ குடுங்க" என்றேன்.

"சோடா?"

"கரீம் குடிக்கட்டும்."

"பால் தீந்து போச்சே. வெறும் டீத்தண்ணிதான் கெடைக்கும்."

"அதையே குடுங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு வெளியே வந்தது. நீலப் பூக் கோப்பை இல்லை. கரீமுக்கு வருகிற அதே கண்ணாடி கிளாஸ், விளிம்பில் ஒரு சின்ன விரிசலோடு. நான் இரண்டு கையாலும் பிடித்து, உதடு பதிய வைத்து உறிஞ்சினேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. உதடு பொரிந்து போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால்தான் என்று நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், கரீமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

"மெதுவா, மெதுவா! நாங்க புடுங்கிக்க மாட்டோம்" என்றது குரல். உடனேயே, "எப்ப வர்றே?" என்றது.

வர்றீங்க என்று கேட்கவில்லை. எப்ப வர்றே என்றுதான் கேட்டார்.

"மாடி ஒழுகுதுன்னு கரீம்..."

"அவன் கெடக்கான். விடியக்காலம் கொழாயில தண்ணி வரும், மாடியில இருக்கறவன்தான் புடிச்சு ஊத்தணும். முடியுமா?"

"அம்மி! அவன் வாடகை குடுக்கப் போறவன்!" என்றான் கரீம்.

"நீயுந்தான் மூணு வேளை துன்றே. ஒரு நாளாவது புடிச்சியா?"

7

இப்போது அந்த மாடியில்தான் இருக்கிறேன். காலையில் வக்கீல் வீட்டுக் காபியைத் தூக்கித்தான் குடிக்கிறேன். சாயங்காலம் இங்கே உறிஞ்சித்தான் குடிக்கிறேன். இதில் எது சரி என்று கேட்டு எழுதாதீர்கள், எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வீட்டு விதி என்ன என்று தேடுவேன். இப்போது கொடுக்கிற கையைப் பார்க்கிறேன். ஜன்னல் திண்டு ஜன்னல் திண்டாகத் தெரிகிறது, அலமாரிக் கோப்பை அலமாரிக் கோப்பையாகத் தெரிகிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்திருப்பேன். உதடு வெந்ததால் நிற்கிறது.

படிக்கப் போன பிள்ளைகள் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்று தோட்டத்தில் தகப்பன்மார் பேசிக்கொள்வார்கள். அப்போது எனக்குக் கோபம் வரும். அவர்கள் பயந்தது நியாயந்தான். அந்தப் பூக் கோப்பையை எட்டப் பிடித்தேனே, அதே பெருமையோடு ஊருக்கு வந்திருந்தால், மங்கில் வாய் வைத்து உறிஞ்சும் என் தகப்பனாரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பேனோ! அவரிடம் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். பையன் நன்றாக இருக்கிறான், வீட்டு மனிதர்களோடு இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் கீழேயிருந்து அம்மி கஜக்கோலால் மச்சைத் தட்டுகிறார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். கரீம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பான். மறுபடியும் தட்டுகிறார், இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.